ஒரு கரண்டி உறைமோர்

கிங்ஸ்லியின் கை வெந்து தோல் உரிந்திருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கரியிலிருந்து வந்தவன், வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டீக்குக் கையை நீட்டினான். ஜெஸிந்தா தம்ளரைக் கொடுக்காமல் நின்றுவிட்டாள். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்குத் தோல் சிவந்து, ஒரு ஓரமாகச் சுருண்டிருந்தது. சட்டையின் நூல் ஒன்று புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"எது?" கையைத் திருப்பிப் பார்த்தான். "அட, ஆமா! ரொட்டித் தட்டு பட்டிருக்கும். ரெண்டு மணி வாக்குல அடுப்பக் காலி பண்ணினேன்."

"ரெண்டு மணிக்குச் சுட்டது உங்களுக்கு இப்பதான் தெரியுதா?"

"நீ சொல்லித்தான் தெரியுது ஜெஸி. எரியவே இல்ல. அதான் ஆச்சரியமா இருக்கு."

ஜெஸிந்தாவுக்கும் ஆச்சரியம்தான். இருபது வருஷமாக அடுப்போடு புழங்குகிற மனுஷன் என்றாலும், விரல் நுனியில் சூடு பட்டால் தெருவுக்குக் கேட்கும்படி கத்துவான். அரை நாள் விரலை ஊதிக்கொண்டே திரிவான். இப்போது அவள் புண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது கூட, பேக்கரிக்குப் புதிதாக வந்திருக்கும் மாவு பிசையும் இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். ஓரத்தில் கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். பேச்சு நிற்கவில்லை.

"முழங்கால் வலிக்குதுன்னு நீங்க சொல்லி எவ்வளவு நாளாச்சு?"

அவன் யோசித்தான். "ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். ஏன், நல்லதுதானே?"

நல்லதுதான். ஆனால் மருந்து சாப்பிடுகிறவள் அவள். வலி போயிருப்பது அவனுக்கும்.

ஜெஸிந்தா பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வயது நாற்பத்தாறு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விஷக் காய்ச்சல் வந்து போன பிறகு ஆரம்பித்தது அவளுடைய வலி. முதலில் தோள்பட்டை, பிறகு இடுப்பு, பிறகு இன்ன இடம் என்று சொல்ல முடியாதபடி உடம்பு முழுக்க. காலையில் எழுந்தால் விடிய விடிய மூட்டை தூக்கியவள் மாதிரி இருக்கும். தூங்கினாலும் தூங்காத அசதி. வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது 'சோடியம்' என்ற சொல் வாயில் வராமல் போகும். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது, அதுதான் பெரிய தொந்தரவாகப் போயிற்று. "ரிப்போர்ட்டெல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று கிங்ஸ்லி சொல்லும்போது அவன் ஆறுதல் சொல்கிறானா, சந்தேகப்படுகிறானா என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை. மூன்றாவது வருஷம்தான் ஒரு டாக்டர் அதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். பெயர் தெரிந்த அன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள். நோய் இருக்கிறதே என்ற அழுகை இல்லை அது. நோய் என்று ஒருவர் ஒத்துக்கொண்டாரே என்ற அழுகை.

அதற்குப் பிறகு சத்து மாத்திரைகளின் காலம். வைட்டமின் டி, மெக்னீசியம், மீன் எண்ணெய், மஞ்சள் மாத்திரை, சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த பெயர் தெரியாத பொடிகள். வேதியியல் படித்தவள் இல்லையா, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாள். குறைவாக இருந்த வைட்டமின் டி ஏறியபோது கால் கடுப்பு கொஞ்சம் அடங்கியது. மெக்னீசியத்தால் தூக்கம் அரை மணி கூடியது, கூடவே வயிறும் போனது. மற்றவை உதவினவா, உதவியதாக மனசு நினைத்துக்கொண்டதா என்று நோட்டாலும் சொல்ல முடியவில்லை.

அந்த நோட்டுதான் டாக்டர் ஆமினாவுக்குப் பிடித்துப்போனது. மேலப்பாளையத்துக்காரி, ஜெஸிந்தாவை விட இளையவள். ஒரு புது சத்துப்பொருளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தாள். அதன் பெயர் 'இதம்'.

"டீச்சர், உங்க தோள்ல அடி ஒண்ணும் படல. ஆனா மூளைக்குப் போற சேதி மட்டும் அடிபட்ட மாதிரி போகுது. சின்ன சேதியைப் பெருசாக்கிச் சொல்ற பழக்கம் உங்க நரம்புக்கு வந்துட்டு. அதை அடக்குற பொருள் ஒண்ணு கண்டுபிடிச்சோம். மாத்திரையாக் கொடுத்தா வயித்துலயே வீணாப் போகுது. அதனால அந்தப் பொருளைச் செய்யுற கிருமியையே உள்ள அனுப்புறோம். குடல்ல உக்காந்துகிட்டு கொஞ்சம் கொஞ்சமாச் செஞ்சு கொடுக்கும்."

"உக்காந்தது எந்திரிக்காமப் போயிட்டா?"

ஆமினா சிரித்தாள். "நல்ல கேள்வி. அது உயிரோட இருக்க ஒரு தனிச் சர்க்கரை வேணும். அந்தச் சர்க்கரை இந்தக் கேப்ஸ்யூலுக்குள்ள மட்டும்தான் இருக்கு. நீங்க சாப்பிடுறதை நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல பட்டினி கிடந்து செத்துரும்."

"உயிருள்ள ஒண்ண எப்படி சத்து மாத்திரைன்னு சொல்லுதிய?"

"மருந்துன்னு பதிவு பண்ணினா பத்து வருஷம் ஆகும். சத்துப்பொருள்னா ரெண்டு வருஷம். கம்பெனி எதைக் கேக்கும்னு நினைக்கிறீங்க?"

கேப்ஸ்யூலை முழுசாக விழுங்க வேண்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். ஒரு கட்டு சோதனைச் சீட்டும் கொடுத்தாள். வாரம் ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கிருமி வேலை செய்தால் சீட்டு நீலமாகும்.

ஜெஸிந்தா முதல் நாளே விதியை மீறினாள். கேப்ஸ்யூல் பெரிது, அவள் தொண்டையோ மிளகு அளவு மாத்திரைக்கே இறுகிக்கொள்ளும். மூன்று தரம் வெளியே வந்த பிறகு, அதைப் பிரித்து ஒரு சின்னத் தம்ளர் தயிரில் கலக்கிக் குடித்துவிட்டாள். உள்ளே போகத்தானே வேண்டும், எப்படிப் போனால் என்ன?

மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்தது. ஏதோ ஒன்று குறைகிறதே என்று படுத்தபடியே தேடினாள். வலியைத்தான் காணவில்லை. எழுந்து போய், ஆறு வருஷத்தில் முதல்முறையாகத் தன் தலையைத் தானே பின்னினாள். அடுத்த வாரம் கரும்பலகையின் மேல் கோடு வரைக்கும் கை எட்டியது. ஈரப் போர்வையைப் பிழிந்தாள். பிழிந்துவிட்டு, தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்படி நாலு மாசம். இப்போது கிங்ஸ்லியின் கை.

புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் அவள் பீரோவிலிருந்து ஒரு சோதனைச் சீட்டை எடுத்துவந்தாள்.

"நாக்க நீட்டுங்க."

"என்ன, நான் பொய் சொல்லுதேனான்னு பாக்கியா?"

சீட்டு நீலமானது.

கிங்ஸ்லி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "நான் உன் மாத்திரையத் தொட்டதே இல்ல ஜெஸி. சத்தியமா."

"தெரியும்" என்றாள். பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது ஆர்வம்தான், பாடம் நடத்தும்போது ஒரு பிள்ளை எதிர்பாராத கேள்வி கேட்டால் வருமே, அந்த மாதிரி. மருந்து இவளிடமிருந்து அவனிடம் போயிருக்கிறது. எதன் வழியாக? குடிக்கும் தண்ணீரில் சீட்டை நனைத்தாள். வெள்ளை. ஊறுகாய் வெள்ளை. சாம்பார் வெள்ளை. குளிர்பெட்டியைத் திறந்து தயிரில் தொட்டாள். எடுப்பதற்குள் அடர்ந்த நீலம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒருநாள் கிங்ஸ்லி தயிர் முழுவதையும் காலி பண்ணிவிட்டான். பாலில் ஊற்ற உறை இல்லை. தன்னுடைய சின்னத் தம்ளரில் அடியில் ஒட்டியிருந்த தயிரை வழித்துப் போட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் முந்தின நாள் தயிரிலிருந்தே அடுத்த நாள் தயிர்.

ஆனால் அந்தச் சர்க்கரை இல்லாமல் அது எப்படிப் பிழைத்தது? மூன்று கிண்ணங்களில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றினாள். ஒன்றில் கடைத் தயிர். ஒன்றில் கேப்ஸ்யூல் பொடி மட்டும். ஒன்றில் வீட்டுத் தயிர் அரைக் கரண்டி. மூடி வைத்துவிட்டுப் படுத்தாள்.

சனிக்கிழமை காலையில் கடைத் தயிர் கிண்ணத்தில் சீட்டு வெள்ளையாகவே இருந்தது. பொடி போட்ட பால் லேசாக நீலம் காட்டி மங்கிவிட்டது. வீட்டுத் தயிரில்தான் மை கொட்டினாற்போல நீலம். அதில் பாதியை எடுத்து அடுப்பில் கொதிக்க வைத்து மறுபடி சோதித்தாள். வெள்ளை. ஆக, கொதி பட்டால் சாகிறது, வீட்டுத் தயிர் இருந்தால் வாழ்கிறது. நோட்டில் எழுதிவிட்டு ஆமினாவைக் கூப்பிட்டாள்.

"வாய்ப்பே இல்ல டீச்சர். அது வெளியில வாழாது."

"வாழுதே டாக்டர். என் முன்னாலதான் இருக்கு."

பத்து மணிக்கு ஆமினா வந்துவிட்டாள். மூன்று கிண்ணங்களையும் தானே சோதித்தாள். கிங்ஸ்லியின் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுத் தயிர்ல இருக்குற ஏதோ ஒரு கிருமி, இதுக்குத் தேவையான சர்க்கரையைச் செஞ்சு கொடுக்குது. ரெண்டும் கூட்டுக் குடும்பம் நடத்துது. எங்க லேப்ல ஆயிரம் விதமாச் சோதிச்சோம். உறை ஊத்திப் பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல."

"கேப்ஸ்யூலப் பிரிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னிய. நான்தான் கேக்கல."

"பிரிக்காம முழுங்க முடியாதவங்க இருப்பாங்கன்னு நாங்க யோசிச்சிருக்கணும்." ஆமினா கிங்ஸ்லி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வலியைப் பெருக்குற நோய் இல்ல. அளவா வர்ற வலியைத்தான் இது அமுக்குது. சுட்டா கையை எடுக்கணும்னு சொல்றதே அந்த வலிதான். இந்தத் தயிரை நிறுத்தினா மூணு நாள்ல எல்லாம் சரியாகிரும்." பிறகு ஜெஸிந்தாவிடம் கேட்டாள். "இந்தத் தயிர் வேற யார் வீட்டுக்குப் போச்சு?"

"யாருக்கும் கொடுக்கலியே" என்றாள் ஜெஸிந்தா. சொல்லி முடித்தவுடன் கை வாய்க்குப் போனது. "டாக்டர், உறைமோர்!"

கீழ் வீட்டுக் கோமதியக்கா ஒரு மாசத்துக்கு முன்னால் கிண்ணத்தோடு வந்து நின்றாள். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், கடைத் தயிர் அவளுக்கு ஆகவில்லை, ஒரு கரண்டி உறைமோர் இருந்தால் கொடு என்று கேட்டு வாங்கிப் போனாள்.

"மகளுக்கு எத்தனாவது மாசம்?"

"நாள் நெருங்கிட்டு. அடுத்த வாரம்னு சொன்னாவ."

ஆமினா எழுந்து கதவை நோக்கி நடந்தாள். படியில் முதலில் இறங்கி ஓடியது ஜெஸிந்தாதான்.

கோமதியக்காவின் மகள் இசைவாணி சோபாவில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தட்டு. தயிர்சாதமும் மாவடுவும்.

"வாங்க ஆன்ட்டி" என்றாள். "அம்மா மருந்துக்கடைக்குப் போயிருக்காவ."

"உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபடியே ஆமினா அவள் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தாள்.

"நல்லாருக்கேன். காலையில இருந்து வயிறு மட்டும் கல்லு மாதிரி ஆகுது, அப்புறம் விட்டுருது. வலியே இல்ல. வலி வந்தாத்தான் ஆஸ்பத்திரின்னு அம்மா சொன்னாவ."

ஆமினா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் போனது, இரண்டு, மூன்று. அவள் கைக்குக் கீழே வயிறு மறுபடி இறுகுவது ஜெஸிந்தாவின் கண்ணுக்கே தெரிந்தது. இசைவாணி ஒரு மாவடுவைக் கடித்தாள்.

"தட்டைக் கீழ வைம்மா" என்றாள் ஆமினா, குரலை உயர்த்தாமல். "உனக்குப் பிரசவம் நடந்துகிட்டு இருக்கு."

ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ஆட்டோதான் வாசலில் கிடைத்தது. அது எந்த அவசரமும் தெரியாமல் சிக்னலுக்குச் சிக்னல் ஒழுங்காக நின்றது. பின்சீட்டில் இசைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஜெஸிந்தா, அந்தக் கை தன் கையை ஒருமுறைகூட இறுக்காததைக் கவனித்தாள். இன்னொருத்திக்கு வலிக்க வேண்டும் என்று அவள் வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டது அந்த ஆட்டோவில்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. கோமதியக்கா மருந்துக்கடைப் பையோடு தலைவிரி கோலமாக ஓடிவந்து சேருவதற்குள் வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. பிறந்து இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு கதவுக்கு வெளியே கேட்கும்படி வீறிட்டது.

"இன்னும் ஒரு மணி நேரம் வீட்டுலயே இருந்திருந்தா கஷ்டம்" என்றார் வெளியே வந்த மகப்பேறு மருத்துவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆமினாவும் ஜெஸிந்தாவும் அடுக்ககத்தின் பன்னிரண்டு வீடுகளிலும் கதவைத் தட்டினார்கள். உறைமோருக்கு வீட்டு எண் கிடையாது. மேலே போயிருந்தது, எதிர் வீட்டுக்குப் போயிருந்தது, ஒரு வீட்டிலிருந்து தென்காசியில் உள்ள சம்பந்தி வீட்டுக்கே டப்பாவில் போயிருந்தது. ஒன்பது வீடுகளில் சீட்டு நீலமானது. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் உடைந்த கால் விரலோடு பத்து நாளாக நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார். விரல் கறுத்திருந்தது. பாட்டு டீச்சர் ஒருத்தி, பல்வலி தானாகப் போய்விட்டது என்று மருத்துவரைப் பார்க்காமல் விட்டிருந்தாள். தாடை வீங்கியிருந்தது.

சாயங்காலம் எல்லாரையும் கீழ்த்தளத்தில் கூட்டினார்கள். ஜெஸிந்தா தானே நின்று நடந்ததைச் சொன்னாள். தன் தப்பையும் சேர்த்துத்தான்.

சிலர் கோபப்பட்டார்கள். அது நியாயம். ஆனால் அவளைத் திகைக்க வைத்தவர்கள் வேறு சிலர்.

"நல்லாத்தானே இருந்துச்சு டீச்சர்?" என்றார் வங்கி மேலாளர், கட்டுப் போட்ட காலோடு. "வலி இல்லாம இருக்குறது ஒரு குத்தமா? பாத்துச் சூதானமா இருந்துக்கிட்டாப் போச்சு."

"உங்க விரலை எடுக்க வேண்டியது வருமான்னு நாளைக்குத்தான் தெரியும் சார்" என்றாள் ஆமினா.

ஒன்பது வீட்டுத் தயிரும் கொதித்துச் சாக்கடைக்குப் போனது. தென்காசிக்குப் போன் போட்டு அங்கேயும் அப்படியே செய்யச் சொன்னார்கள். பாத்திரங்களை வெந்நீரில் போட்டு எடுத்தார்கள். ஆய்வு நிறுத்தப்பட்டது. ஜெஸிந்தாவிடம் மீதியிருந்த கேப்ஸ்யூல்களை ஆமினா எண்ணி வாங்கிக்கொள்ளவில்லை, டப்பாவோடு அவள் கொடுத்ததை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மறுபடி எப்ப தொடங்குவிய?"

"இந்தக் கிருமி தயிர்ல வாழாதபடி மாத்தணும். அதுக்கப்புறம் ஆய்வை மேற்பார்வை பாக்குற குழு அனுமதிக்கணும். ரெண்டு வருஷம் ஆகலாம். தொடங்காமலே கூடப் போகலாம்." ஆமினா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "என்னை மன்னிச்சிருங்க டீச்சர்."

மூன்றாம் நாள் கிங்ஸ்லியின் புண் எரிய ஆரம்பித்தது. பேக்கரிக்குப் போக முடியவில்லை. கையைத் தூக்கிப் பிடித்தபடி கூடத்தில் நடந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். அன்றைக்கே ஜெஸிந்தாவுக்கும் தோளிலிருந்து ஆரம்பித்துவிட்டது. விட்டுப்போன வீட்டுக்குச் சாவியோடு திரும்பி வருகிறவன் மாதிரி, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் ஒவ்வொரு இடமாக வந்து உட்கார்ந்தது வலி. வியாழக்கிழமை காலையில் சீப்பைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் கண்ணாடி முன்னால் நின்றாள்.

கிங்ஸ்லி வந்து சீப்பை வாங்கினான். ஒரு கையில் கட்டோடு, இன்னொரு கையால் கோணலும் மாணலுமாகத் தலையை வாரினான்.

"ஒரு கையில நாலு விரல் அகலம் எரியுறதையே என்னால தாங்க முடியல" என்றான். "உனக்கு உடம்பு முழுக்கவா?"

"எரியாது. வேற மாதிரி இருக்கும்."

"ஆறு வருஷமா நான் உன்ன நம்பல ஜெஸி. வாயத் திறந்து சொன்னதில்ல, ஆனா நம்பல."

"தெரியும்" என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுகை வரும் போலிருந்தது. "உங்களுக்குப் பின்னத் தெரியாதுல்லா, ஒரு ரப்பர் பேண்டப் போட்டு விடுங்க, போதும்."

பதினாறு நாள் கழித்து, எல்லா வீடும் சுத்தம் என்று குழுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நடக்க முடிகிற ஒரு காலை நேரமாகப் பார்த்து, ஜெஸிந்தா சீட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எட்டு வீடும் வெள்ளை. கடைசியாகக் கோமதியக்கா வீடு. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

குளிர்பெட்டியில் இருந்த தயிரும் வெள்ளைதான். இசைவாணி உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து கோமதியக்காவின் பேச்சுச் சத்தம் கேட்டது.

"இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு, எங்க ராசாத்தி குளிக்கப் போறாவ..."

மணையில் உட்கார்ந்து, நீட்டிய கால்களின் மேல் பேத்தியைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் கோமதியக்கா. கனத்த உடம்பு. ஆனாலும் இடுப்பை வளைத்துக் குனிந்து, நிமிர்ந்து, எட்டிச் சோப்பை எடுத்து, சின்னப் பெண் மாதிரி வேலை செய்துகொண்டிருந்தாள். ஜெஸிந்தா வாசலில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷத்தில் கோமதியக்கா தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"வா ஜெஸிம்மா. பிள்ளையக் குளிப்பாட்டிட்டு வந்துருதேன்." வாளியில் கையை விட்டு அளைந்தாள் கோமதியக்கா. "பதமா இருக்கு." செம்பை முக்கி எடுத்தாள்.

வாளியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

ஜெஸிந்தா எப்படிக் குனிந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. இடுப்பு கத்தியது. குழந்தையின் மேல் சரிந்துகொண்டிருந்த செம்பைத் தட்டிவிட்டாள். தண்ணீர் அவள் புறங்கையில் கொட்டியது. "ஆ!" என்று கத்திக் கையை உதறினாள். செம்பு உருண்டு சுவரில் போய் முட்டியது. குழந்தை திடுக்கிட்டு அழுதது.

கோமதியக்கா ஒன்றும் புரியாமல் அவளையும் வாளியையும் பார்த்தாள். ஜெஸிந்தாவின் புறங்கை சிவந்துகொண்டு வந்தது. பிறகு கோமதியக்கா மெல்லத் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல்கள் ஐந்தும் அதே சிவப்பு.

குழந்தையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்க வச்சிருக்கிய யக்கா?"

"அலமாரிக்குப் பின்னால. தனிப் பாத்திரத்துல. மகளுக்குக் கொடுக்கல, மாப்பிள்ளைக்குக் கொடுக்கல, ஒருத்தருக்கும் கொடுக்கல ஜெஸி. நான் மட்டும் ஒரு கரண்டி, காலையில."

"ஏன் யக்கா?"

"எனக்கு அதுவரைக்கும் தெரியாதும்மா." கோமதியக்கா முகத்தைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் உடம்பு இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். எந்திரிக்கும்போது வலிக்கும், நடக்கும்போது வலிக்கும், துணி துவைச்சா ரெண்டு நாளைக்குக் கை வராது. பொம்பள உடம்புன்னா அப்படித்தான்னு இருந்துட்டேன். அந்தத் தயிரச் சாப்பிட்ட ரெண்டாவது வாரம் ஒருநாள் முழிச்சுப் பாத்தா ஒண்ணுமே வலிக்கல. செத்துப்போயிட்டேன்னுதான் நினைச்சேன் ஜெஸி. பயந்து போயி இசைவாணி அப்பாவை எழுப்பினேன்."

ஜெஸிந்தா கவிழ்த்துப் போட்டிருந்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். உறைமோர் கொடுத்த அன்றைக்குக் கோமதியக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து நீட்டியதை நினைத்துப் பார்த்தாள். தன் வலியை ஆறு வருஷம் நோட்டில் எழுதியவளுக்கு, கீழ் வீட்டில் இருந்தவளின் வலி கண்ணில் படவே இல்லை.

"பாதி நீ எடுத்துக்கோ" என்றாள் கோமதியக்கா சட்டென்று. "நீ படியிறங்கி வந்த சத்தத்தக் கேட்டேன். உனக்குத் திரும்ப வந்துட்டுல்லா? ரெண்டு பேரும் யாருக்கும் தெரியாம..."

சொல்லிக்கொண்டிருந்தவள் குழந்தையைக் குனிந்து பார்த்தாள். மேற்கொண்டு சொல்லவில்லை.

எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெஸிந்தாவுக்குத் தோன்றாமல் இல்லை. தோளும் இடுப்பும் அதைத்தான் கேட்டன. எழுந்து போய்க் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து கோமதியக்காவின் விரல்களைப் பிடித்து அதன் கீழே வைத்தாள். தன் புறங்கையையும் பக்கத்தில் வைத்தாள்.

அலமாரிக்குப் பின்னாலிருந்த பாத்திரத்தைக் கோமதியக்காவே எடுத்துவந்து அடுப்பில் வைத்தாள். கெட்டித் தயிர் திரிந்து, தண்ணீர் பிரிந்து, பொங்கிப் பொங்கி அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தன நாள்ல திரும்ப வரும்?"

"மூணு நாள். எனக்குத் தோள்ல இருந்து ஆரம்பிச்சுது."

"எனக்கு இடுப்புல இருந்து வரும்" என்றாள் கோமதியக்கா.

ஜெஸிந்தா போனை எடுத்து ஆமினாவைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்துச்சு."

"தயிரா?"

"தயிர் போயிட்டு. நோயாளி இருக்காவ. அவியளுக்கு இது நோய்னே தெரியாது."

"அவங்ககிட்ட போனைக் கொடுங்க டீச்சர்" என்றாள் ஆமினா.

கோமதியக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கிக் காதில் வைத்தாள். ஆமினா கேட்டது பக்கத்தில் நின்ற ஜெஸிந்தாவுக்கும் கேட்டது.

"எப்ப இருந்தும்மா வலிக்குது?"

புருஷன், மகள், பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள் என்று யாரும் கோமதியக்காவிடம் கேட்டிராத கேள்வி அது. மகள் தூங்கும் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"செத்த நேரம் இருங்க டாக்டரம்மா" என்றாள். "கதவச் சாத்திட்டு வந்து உக்காந்து சொல்லுதேன். இருபத்தஞ்சு வருஷம் இருக்கு."